வயிற்றுவலி அழுகை, பால் கக்கல்: ஒரு வருடம் கழித்துச் சொல்கிறேன், எது உதவியது

எங்கள் பையனுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவக்க ஒரு அழுகை. நடுநடுவே குடித்த பால் தயிர் போலத் திரிந்து தோளில் வழியும். இப்போது ஒரு வயது தாண்டி, வீடு முழுக்கத் தத்தித் தத்தி நடக்கிறான். அந்த முதல் சில மாதங்களில் வாங்கியது, செய்தது, அக்கம்பக்கத்தில் சொல்லிக் கொடுத்தது எல்லாவற்றையும் பற்றி இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

மூன்று வயதுக் குழந்தை உள்ளவர்கள்கூட இதைச் சொல்லித் தரவில்லை: கோலிக் என்கிற இந்த வயிற்றுவலி அழுகைக்கு ஆட்டம் வேண்டும், குடித்த பால் மேலே வருகிற எதுக்களிப்புக்கு ஆட்டம் ஆகாது. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றைக் கிளப்பிவிடும். அதனால் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதைவிட, பால் குடித்து எவ்வளவு நேரம் ஆனபிறகு அதை எடுக்கிறோம் என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய விஷயமாக இருந்தது.

தூளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போனதும், ஆச்சி தன் பழைய நூல் சேலையை எடுத்துக் கட்டிவிட்டாள். தம்பி அதற்கு ஒரு ஸ்பிரிங்கும் வாங்கி மாட்டினான். பால் குடித்த கையோடு அதில் போட்டால், உடம்பு வளைந்து வயிறு அமுங்கி, ஸ்பிரிங் மேலும் கீழும் குதிக்கக் குதிக்க, உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றி, குடித்து முக்கால் மணி நேரம் போனபிறகு பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால், அதே தூளி அருமையாக வேலை செய்தது. தூங்கியதும் எடுத்துத் தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவோம். வளைந்து படுக்கும்போது தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு முட்டலாம் என்பதால், தூளியில் போட்டுவிட்டு யாரும் அவனைத் தனியே விட்டு நகர்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு.

கக்குவது ஏன் என்று டாக்டர் சொன்ன விளக்கம் எளிமையானது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை, பச்சைக் குழந்தைக்குச் சரியாகத் திருகாத பாட்டில் மூடி மாதிரி. சாப்பாடு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை. அதனால் வழியும். பிறந்த முதல் மூன்று மாதங்களில் பாதிக் குழந்தைகளுக்கு மேல் தினமும் ஒரு தடவையாவது கக்கும், நாலாம் மாதம் வாக்கில் அது உச்சத்துக்குப் போகும், ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும் என்றார். ஆச்சி இதை எப்போதோ சொல்லிவிட்டாள்: "ஏட்டி, கக்குற பிள்ள தக்கும்ட்டி. சும்மா கெட."

ஆனால் அந்த வாக்கை நம்பிச் சும்மா கிடக்க எடை ஏற வேண்டும். முதலில் போன கிளினிக்கில் எடையே பார்க்காமல் டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்துச் சொட்டு எழுதித் தந்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் முதலில் தராசில் போட்டார். இந்த வயதில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால், ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால், கக்குவதற்கு மருந்து தேவையில்லை என்று அந்தச் சொட்டை நிறுத்தச் சொன்னார். இதயத்துடிப்பு பற்றிய கவலையால் ஐரோப்பிய மருந்து முகமை 2014-லேயே டோம்பெரிடோனுக்குக் கட்டுப்பாடு போட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாந்தி பச்சையாக வந்தால், ரத்தம் தெரிந்தால், ஒவ்வொரு முறையும் பீய்ச்சி அடித்தால், எடை நின்றுபோனால், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். அந்தப் பட்டியல் ரொம்ப நாள் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது பால் கொடுக்கும் முறையை மாற்றியதுதான். அழுதால் பால், கக்கினால் பசிக்குமே என்று மறுபடியும் பால் என்று போய்க்கொண்டிருந்தது. வயிறு நிரம்பி வழிந்து, அதனால் இன்னும் அழுகை. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கொடுக்க ஆரம்பித்ததும், பால் வேகமாகப் பாய்ந்து புரையேறுவது குறைந்தது. ஒரு பக்கம் குடித்ததும் ஏப்பம், மறுபக்கம் முடிந்ததும் ஏப்பம், அப்புறம் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தியே வைத்திருப்பது. நடுராத்திரியில் அந்த இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

மருந்து பாட்டில்களுக்கு வருவோம். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. அந்தக் காலத்துக் கலவையில் ஆல்கஹால் இருந்தது, குழந்தை கண்ணயர்ந்ததில் ஆச்சரியமில்லை. இப்போது வருவதில் பெரும்பாலும் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, இனிப்பு. இனிப்பு நாக்கில் பட்டதும் ஒரு நிமிடம் அமைதி, பிறகு பழைய கச்சேரி. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதால் பாதியிலேயே விட்டோம். ஓம வாட்டரும் அப்படியே. வயிற்றுக் காற்றுக்குத் தரும் சிமெதிகோன் சொட்டு, மருந்தில்லாத வெறும் சொட்டைவிட மேல் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை, எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) சொட்டுக்கு, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் ஓரளவு ஆதாரம் உண்டு. டாக்டர் சொல்லித்தான் கொடுத்தோம். அழுகை குறைந்தது. ஆனால் குறையும் வயதும் அதுதானே! ஆறு வாரத்தில் உச்சம், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்குவது கோலிக்கின் குணம். இதில் எதற்குப் பாராட்டு என்று பிரிக்க முடியாது.

வசம்பு வளையல் கையில் கிடந்தது, அதனால் சண்டை இல்லை. உரைமருந்தை வாயில் வைக்க நான் விடவில்லை. வசம்பில் இருக்கும் அசரோன் என்ற வேதிப்பொருள் நல்லதல்ல. தேன் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரு வயது வரை பாட்டுலிசம் என்ற கிருமி நஞ்சு நோய்ப் பயம் உண்டு. உரம் எடுக்க, தொக்கம் எடுக்க என்று பக்கத்துத் தெருவில் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தலைகீழாகப் புரட்டுவதைப் பார்த்தவள் நான், அதனால் போகவில்லை. ஆச்சிக்கு வருத்தம்தான். வயிற்றில் வெதுவெதுப்பான எண்ணெய் விட்டுக் கடிகாரச் சுற்றில் தடவுவதும், காலைச் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி நீட்டுவதும் அவள் பொறுப்பு. காற்றுப் பிரியும், பையன் முகம் தெளியும். அந்த விஷயத்தில் அவளுக்கு முழு மார்க்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது கைகொடுத்தது நடைதான். 2022-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோதாவின் குழு சொன்ன முறை இது: ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும், குழந்தை தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் தூக்கியபடியே உட்கார வேண்டும், அதற்குப் பிறகுதான் கீழே கிடத்த வேண்டும். அந்த உட்காரும் நேரத்தை விட்டால் முதுகு பாயில் பட்டதும் முழித்துக்கொள்வான். நடைக்காக வாங்கிய பருத்தித் துணி கேரியர் கொடுத்த காசுக்குத் தகும். உடம்பு நிமிர்ந்தே இருப்பதால் ஆட்டமும் எதுக்களிப்பும் சண்டை போடாத ஒரே பொருள் அதுதான். முகம் வெளியே தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் படக்கூடாது, அவ்வளவுதான் கவனம். சித்திரை வெயிலில் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது உண்மை. அவர் அதைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடப்பார், நான் அந்த நேரத்தில் சாப்பிடுவேன். இன்றைக்கும் பேருந்துப் பயணத்துக்கு அதுதான்.

தூங்க வைக்கச் சீராக இரைகிற வெள்ளை இரைச்சல் செயலி தேவைப்படவில்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனே போதும். சத்தம் காதுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எதுக்களிப்புக்கென்று விற்கும் சாய்வுத் தலையணை ஒன்று அன்பளிப்பாக வந்தது. அதற்கு மதிப்பெண் பூஜ்யம். அதில் குழந்தை சரிந்து கழுத்து மடங்குகிறது. 10 பாகைக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை 2022-ல் அமெரிக்கா சட்டம் போட்டே தடை செய்தது. கக்கும் குழந்தையானாலும் சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கத்தான் போட வேண்டும்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். பொறுமை எல்லை தாண்டுகிறது என்று தோன்றினால், குழந்தையைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், எந்தக் காரணத்துக்கும் பிடித்து உலுக்காதீர்கள் என்று. அந்த அறிவுரையைப் பயன்படுத்திய ராத்திரிகள் உண்டு.

தம்பி மனைவிக்கு ஐப்பசியில் பிரசவம். அவளுக்கென்று எடுத்து வைத்திருப்பது கேரியரும், வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகள் ஒரு மூட்டையும். துணி எத்தனை இருந்தாலும் பத்தாது. தூளிச் சேலையை ஆச்சியே கொடுத்துக்கொள்வாள், ஸ்பிரிங்கை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.