ரெடிமேட் அம்பா, வீட்டில் ஒட்டிய அம்பா?

என் ரீகர்வ் வில்லின் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) இழுவை, அதாவது நாணை இழுக்கத் தேவையான விசை, 30 பவுண்டு. போன வருடம் அதற்கு அம்பு தேடியபோது இரண்டு வழி இருந்தது: ஆன்லைனில் டசன் 95 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ரெடிமேட் கார்பன் அம்பு, இல்லையென்றால் வெறும் தண்டு, நாக் (நாணில் மாட்டும் வால் துண்டு), முனை, வேன் (வால் பக்கம் ஒட்டும் பிளாஸ்டிக் இறக்கை) எல்லாம் தனித்தனியாக வாங்கி வீட்டில் ஒட்டிக்கொள்வது. முதலில் ரெடிமேட்தான் வாங்கினேன். இப்போது ஒட்டுகிற கட்சிக்கு மாறிவிட்டேன், அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

விலையிலும் நேரத்திலும் ரெடிமேட்தான் முன்னே நிற்கும். பார்சலைப் பிரித்த அன்றே எய்யலாம். கையால் செய்த முதல் டசனுக்கு, வேனைக் கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக்கோடு சேர்த்து எனக்கு 260 ரிங்கிட் ஆனது. இப்போதுதான் பழகுகிறவர், அம்பைப் புல்லில் தொலைக்கப் போகிறவர், ரெடிமேட்டையே வாங்குங்கள்.

அடுத்தது ஸ்பைன், அதாவது தண்டு எவ்வளவு வளையும் என்ற எண். 500 என்றால், 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அரை அங்குலம் வளையும். எண் குறையக் குறைய விறைப்பு கூடும். என் வில்லுக்கு 700 பக்கம் வேண்டும், நான் வாங்கிய இடத்தில் 500 மட்டும்தான் இருந்தது. வலக்கைக்காரனுக்கு விறைப்பான அம்பு இடது பக்கம் போகும். அது தெரியாமல் மூன்று வாரம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். எடையும் ஒன்றுபோல் இல்லை: நகை நிறுக்கும் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தால், ஒரே பெட்டியில் ஒன்று 21.8 கிராம், இன்னொன்று 22.9.

ஆனால் என்னை மாற்றியது இதெல்லாம் இல்லை, பராமரிப்புதான். அம்பு உடைவது குறைவு, வேன் பிய்வதுதான் அதிகம். ஓர் அம்பு இன்னொன்றை உரசினால் போச்சு, இலக்கைத் துளைத்துக்கொண்டு பின்னால் போனாலும் போச்சு. ரெடிமேட் வைத்திருந்தபோது பிய்ந்ததை ஓரமாக வைத்துவிடுவேன், நான்கு மாதத்தில் டசனில் ஐந்துதான் மிஞ்சியது, அப்புறம் இன்னொரு 95 ரிங்கிட். இப்போது ஞாயிற்றுக்கிழமை செந்தூல் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைமேல் பேப்பர் விரித்து, பழைய பசையைப் பிளேடால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, ஜிக்கில் மாட்டிப் புது வேன் ஒட்டிவிடுகிறேன். ஓர் அம்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது, செலவு சில்லறைதான். கவனிக்க வேண்டியது ஒன்று: சூப்பர் குளூ ஈரக்காற்றில்தான் இறுகும், நம் கோலாலம்பூர் காற்றைக் கேட்கவா வேண்டும், கொஞ்சம் அதிகமாக வைத்தால் கறுப்புத் தண்டில் விபூதி பூசினது மாதிரி வெள்ளையாகப் படர்ந்துவிடும். பறக்க அதனால் கேடில்லை, பார்க்கத்தான் சகிக்காது. இறகு ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: இங்கே சாயங்கால மழையில் நனைந்தால் இறகு படுத்துவிடும், பிளாஸ்டிக்கே போதும்.

முனையை ஹாட்மெல்ட்டால், அதாவது சூட்டில் இளகும் பசையால், ஒட்டுங்கள். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் கழன்று வரும், தண்டு விரிசல் விட்டாலும் முனையை மீட்டுக்கொள்ளலாம். நேராகத் தீயில் காட்டினால் கார்பன் கெட்டுப்போகும்.

தண்டை அளவுக்கு வெட்டுவதை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை, கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, கடையிலேயே வெட்டித் தரச் சொல்கிறேன். நான் எய்வது 18, 30 மீட்டர்தான். 70 மீட்டரில் அந்த ஒரு கிராம் வித்தியாசம் எவ்வளவு பேசும் என்பதை அந்தத் தூரத்தில் நிற்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லை நான் தொட்டதே இல்லை.

மிச்சமிருக்கும் ஐந்து ரெடிமேட் அம்புகளை அக்கா மகன் வரும்போது கொடுப்பேன். அதற்கு முன் ஒவ்வொன்றையும் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து லேசாக வளைத்து, நொறுக்கென்று சத்தம் வருகிறதா என்று கேட்டுவிடுவேன். போன மாதம் ஆறாவது ஒன்று அப்படிச் சத்தம் போட்டது, இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.