‘ரீகால் எல்லாம் முடிஞ்சுதுங்ணா’ என்றார் ஷோரூம்காரர். 4,86,000 ரூபாய் போச்சு

இன்று மதியம் சர்வீஸ் சென்டரில், தீப்பிடித்த என் காரைச் சரிசெய்வதற்கான எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்கள். 4,86,000 ரூபாய். கார் வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பழைய சொகுசு கார் வாங்க நினைக்கிற ஒருவராவது இதைப் படித்துவிட்டு, பணம் கட்டும் முன் ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

ஷோரூம் பெயரை எழுதவில்லை. வழக்குப் போடப் போகிறோம், இப்போது வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கோவையில் ஜெர்மன் கார்களை மட்டும் வரிசையாக நிறுத்தி விற்கிற ஒரு பழைய கார் ஷோரூம், அவ்வளவுதான். கார் கம்பெனி பெயரும் வேண்டாம். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. அப்பா கடைசிவரை டி.வி.எஸ். 50-இல்தான் போனார். இருபத்திரண்டு வருஷம் உழைத்த பிறகு எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தக் கார். 2018 மாடல், டர்போ பெட்ரோல், 250 குதிரைத்திறன், ஹரியானா பதிவு. விலை 28,50,000 ரூபாய். டெல்லி வட்டாரத்தில் டீசல் காருக்கு 10 வருஷம், பெட்ரோல் காருக்கு 15 வருஷம் என்று ஆயுளைக் கட்டியிருந்ததால் அங்கே பழைய கார்களுக்கு விலை இறங்கியது. அதனால்தான் இந்த மாதிரிக் கார்கள், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடையில்லை என்கிற என்.ஓ.சி. சான்றை வாங்கிக்கொண்டு தெற்கே வந்தன. வடக்கிலிருந்து வந்த கார் என்றாலே கெட்ட கார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முதலில் வைத்திருந்தவர் யார், அவருக்குக் கம்பெனியிலிருந்து என்ன கடிதம் வந்தது என்பது நம் காதுக்கு வரவே வராது. என் பணம் போனது அங்கேதான்.

ஷோரூமுக்குப் போன அன்று முதலாளியே எழுந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். “ஏனுங்ணா, கணபதிங்களா? எங்க மாமாகூட அங்கதானுங்க ஃபவுண்டரி வெச்சிருந்தாரு” என்று ஆரம்பித்தார். காபி வந்தது. என் மனைவிக்கு ஃபேன் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். சர்வீஸ் ரெக்கார்டு கேட்டேன். 2021 வரை தாள் இருந்தது, அதற்கு மேல் இல்லை. “கொரோனா டைமுங்ணா, எல்லாரும் வெளியதான் பண்ணுனாங்க” என்றார். எனக்கும் பட்டறை மூடிக் கிடந்த காலம் அது. நம்பிவிட்டேன்.

அப்புறம் நானே கேட்டேன்: “ரீகால் எதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?” ஒரு பார்ட்டில் குறை என்று தெரிந்தால் கம்பெனியே காரைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பதுதான் ரீகால். டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக் பற்றிய செய்திகளைப் படித்தவன் நான். வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டு உள்ளே இருக்கிற ரசாயனம் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது இரும்புத் துண்டு தெறித்து வெளிநாடுகளில் ஆட்கள் இறந்தார்கள். கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதனால்தான் கேட்டேன். அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அதெல்லாம் முடிஞ்சுதுங்ணா. சர்வீஸுக்குப் போறப்ப கம்பெனிக்காரனே பண்ணி விட்டுருவான்” என்றபடி, 160 பாயிண்ட் செக் என்று அச்சடித்த தாளை எடுத்து, ‘நிலுவையில் ரீகால் இல்லை’ என்ற வரிக்கு நேரே பச்சைப் பேனாவால் டிக் போட்டார். என் கண் முன்னால் போட்டார். “எம் பொண்ணை இந்த வண்டியிலதானுங்ணா ரெண்டு மாசமா ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குத் தப்பான வண்டியக் கொடுப்பனுங்களா?” என்றார். குழந்தையை வைத்துச் சொன்ன பிறகு மேலே என்ன கேட்பது? அன்றே 2,00,000 முன்பணம் கொடுத்தேன். ஆர்.சி., இன்சூரன்ஸ் பெயர் மாற்றம் எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 18,000 தனியாக வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் மாதம் ஆயில் சர்வீஸுக்குக் கம்பெனி சென்டர் போகலாம் என்றிருந்தேன். போனில் தடுத்ததும் அவர்தான். “அங்க போனா அறுபதாயிரம் தீட்டிருவாங்கண்ணா, நம்ம ஆளு இருபத்திரண்டுல முடிச்சுருவாரு.” அவர் கைகாட்டிய ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டேன். அன்று கம்பெனி சென்டரில் விட்டிருந்தால், காரின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைத் தட்டியதுமே விஷயம் திரையில் வந்திருக்கும். அவர் தடுத்தது என் பணத்தை மிச்சம் பிடிக்க இல்லை என்பது இப்போது புரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. காரை போர்ட்டிகோவில் நிறுத்தி, பூட்டி, உள்ளே வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். “ஏனுங்க, வண்டியில புகை வருதுங்க” என்று மனைவி கத்தினாள். பானட்டின் முன் இடுக்கில் கறுப்புப் புகை, பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். பட்டறைக்காக வாங்கி வைத்திருந்த தீயணைப்பு சிலிண்டர் மாடிப்படிக்குக் கீழே இருந்ததால் அணைத்தோம். போர்ட்டிகோவுக்கு மேல் அறையில் அம்மா படுத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை.

மறுநாள் டோ வண்டியில் ஏற்றிக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அட்வைசர் சேஸிஸ் நம்பரைப் போட்டார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. “சார், இந்த வண்டிக்குக் கூலன்ட் பம்ப் ரீகால் ஓப்பனா இருக்கு. லெட்டர் அனுப்பியிருக்கோம், யாரும் வண்டியக் கொண்டுவரல.” கடிதம் போனது குருகிராமில் இருக்கிற ஒரு கம்பெனி முகவரிக்கு. அவர்கள்தான் முதல் ஓனர். வண்டியை விற்றுவிட்டுப் போனவர்கள் கடிதத்தை என்ன செய்திருப்பார்கள்?

டர்போ எஞ்சினை அணைத்த பிறகும், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிற டர்போ என்கிற பாகம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அதைக் குளிர்விக்க, கூலன்ட் என்கிற திரவத்தைச் சுற்றவிடுகிற ஒரு சின்ன மின்சாரப் பம்ப், சாவியை எடுத்த பிறகும் சில நிமிஷம் ஓடும். அந்தப் பம்புக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டில் ஈரம் இறங்கினால் ஷார்ட் ஆகிச் சூடேறி எரியலாம். ரீகாலில் சொன்ன குறை இதுதான். பூட்டி நிறுத்திய கார் ஏன் எரிந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பம்ப் மாற்றுவது இலவசம்.

ஆனால் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது கம்பெனி பம்பே இல்லை. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த ஏதோ பழைய பம்ப். ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். நானும் பம்ப் தொழிலில் இருப்பவன், அந்த ஜாயின்டைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. யாரோ குறையைப் பார்த்திருக்கிறார்கள், தெரிந்தே ஸ்கிராப் சரக்கை மாட்டியிருக்கிறார்கள். வெளிப் பார்ட் மாட்டி எரிந்ததால் பம்ப் தவிர மற்ற எதையும் கம்பெனி ஏற்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒயரிங் ஹார்னஸ், ஹோஸ்கள், ரேடியேட்டர் ஃபேன், முன்பக்க பிளாஸ்டிக், லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 4,86,000 ரூபாய்.

சரி, இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று போனேன். முழுக் காப்பீட்டில் தீ, தானாகப் பற்றிக்கொள்வது இரண்டுக்குமே இழப்பீடு உண்டு. ஆனால் பாலிசி இன்னும் அந்தக் குருகிராம் கம்பெனி பெயரிலேயே இருந்தது. ஆர்.சி.யை மாற்றியவர்கள் இன்சூரன்ஸை மாற்றவே இல்லை. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். எதிராளிக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு தானாக நம்மிடம் வந்துவிடும், நம் வண்டிச் சேதத்துக்கானது வராது. கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். அந்த வேலைக்குத்தான் 18,000 வாங்கினார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டேன். முதல் நாள் “அடடா, பார்த்துடலாமுங்ணா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க.” இரண்டாம் நாள் மீட்டிங். மூன்றாம் நாள் சேல்ஸ் பையன் எடுத்து, “சார் துபாய் போயிருக்காருங்க” என்றான். வாட்ஸ்அப்பில் அனுப்பிய எரிந்த ஒயரின் படங்களுக்கு நீல டிக் மட்டும் விழுந்தது. நான்காம் நாள் நேரிலேயே போனேன். துபாய்க்குப் போனவர் உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். மேனேஜர் என்கிற ஒருவர் வந்து விற்பனைத் தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். ‘உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது.’ பச்சை டிக் போட்ட தாளை எடுத்து நீட்டினேன். “அது சும்மா ஃபார்மட்டுங்க சார், எல்லா வண்டிக்கும் அப்படித்தான் போடுவோம்” என்றார். எல்லா வண்டிக்கும்! 65,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டிய வாரன்டியைக் கேட்டால், அதில் ஒயரிங் சேராதாம். அன்று குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் 2012 முதல் ரீகால் என்பது கம்பெனிகள் தாங்களாக முன்வந்து செய்கிற ஏற்பாடாகத்தான் இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அரசாங்கமே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிடலாம், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை போகும். ஆனால் அது 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். என் கார் 2018 மாடல், அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. அபராதமும் தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் போன்றவர்களுக்குத்தான். நடுவில் உட்கார்ந்து, தெரிந்தே மறைத்து விற்கிறவரை அது தொடுவதில்லை. அவரைப் பிடிக்க நுகர்வோர் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனசு நிற்கவில்லை. சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, ஆர்.சி.யிலும் இருக்கும், முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் நீங்களே கொடுத்து, ரீகால் பாக்கி உண்டா என்று கேளுங்கள், பதிலை மெயிலில் வாங்குங்கள். விற்கிறவர் சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டாதீர்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்தை யாரிடமும் விடாதீர்கள். புகை வாடை, கூலன்ட் குறைவது, எச்சரிக்கை விளக்கு எது வந்தாலும் வீட்டுக்குள் நிறுத்தாமல் வெளியே நிறுத்துங்கள்.

பச்சை டிக் போட்ட அந்தத் தாளை வக்கீல் வாங்கி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம். இன்று காலை அதே ஷோரூம் ஒரு விளம்பரம் போட்டிருக்கிறது. என் காரின் அதே மாடல், வெள்ளை நிறம், 2018, ஹரியானா பதிவு, 27,90,000 ரூபாய். அதைப் பார்க்கப் போகிறவர் இதைப் படித்தால், காபி வருவதற்கு முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.