திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க ஊர் பசங்க நடத்துற ஆம்புலன்ஸ்: என்னோட ரிவியூ

பிரியாணி கடைக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதுறோம், எங்க ஊர் இளைஞர் மன்றத்து ஆம்புலன்ஸ பத்தி யாரும் ஒரு வரி எழுதல, அதான் நான் எழுதுறேன். அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். குறையும் இருக்கு, அதையும் சொல்றேன்.

தமிழ்நாட்டுல 108 வந்ததே 2008 செப்டம்பர்லதான். அதுக்கு முன்னாடி எங்க பக்கம் ராத்திரில ஒருத்தருக்கு நெஞ்சுவலின்னா வாடகை கார்க்காரர் வீட்டு கதவ தட்டணும், அவர் இல்லன்னா டிராக்டர்தான், அதுவும் உள் தெருவுக்கு வராது, கயித்துக்கட்டில்ல படுக்க வச்சு வாய்க்கா கரையோட தூக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வரணும். 2004 சுனாமி அன்னிக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒத்தாசைக்கு போன எங்க ஊர் ஆளுங்க, அடிபட்டவங்கள ஏத்த வண்டி இல்லாம கெடந்த கெடப்ப பாத்துட்டு வந்துதான் நமக்குன்னு ஒரு வண்டி வேணும்னு உக்காந்து பேசுனாங்க. அறுப்பு முடிஞ்சதும் களத்துலயே வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லு, சிங்கப்பூர்ல இருக்குற பசங்க அனுப்புன காசு, எல்லாம் சேத்து ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கி பின் சீட்ட கழட்டிட்டு ஸ்ட்ரெச்சர் போட்டாங்க. இப்ப ஓடுறது பெரிய வண்டி, ஆக்சிஜன் சிலிண்டரோட.

108 வந்தப்புறம் இது எதுக்குன்னு ஊர்லயே சிலபேர் கேட்டாங்க. 108 அவசரத்துக்கு ஆஸ்பத்திரில கொண்டு சேக்கும், அது நல்லாவே ஓடுது, ஆனா இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிஞ்ச பாட்டிய தஞ்சாவூர் மெடிக்கல்லேர்ந்து படுக்க வச்சபடியே வீட்டுக்கு கொண்டாந்து விடுறது அதோட வேலை இல்ல. பிரசவம் ஆனவங்கள வீட்ல விட 102 இருக்கு, இறந்தவங்கள கொண்டு வர அரசாங்க அமரர் ஊர்தி இருக்கு, டயாலிசிஸுக்கு வாராவாரம் போயிட்டு வர்ற ஆளுக்கு என்ன இருக்கு? பிரைவேட் வண்டிக்கு குடுக்கவா கூலிக்காரங்க சம்பாதிக்கிறாங்க? அந்த எடத்துலதான் இவங்க நிக்கிறாங்க. முடிஞ்சவங்க டீசல் போடுவாங்க, முடியாதவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

எங்க சித்தப்பாவுக்கு சம்பா வயலுக்கு தண்ணி வைக்க போன எடத்துல ராத்திரி பாம்பு கடிச்சிருச்சு. போன் பண்ணுனதும் டிரைவர் தம்பி சொன்னது, "சித்தப்பாவ ஒரு அடி நடக்க விடாதீங்கண்ணே, கயிறு போட்டு இறுக்கி கட்டாதீங்க, காலு ஆடாம வச்சிருங்க, மந்திரிக்கிறேன்னு எங்கயும் தூக்கிட்டு போயிராதீங்க, வந்துகிட்டே இருக்கேன்". வழியிலேயே ஜிஹெச்சுக்கு போன் போட்டு விஷமுறிவு ஊசி இருக்கான்னு கேட்டுட்டுதான் வண்டிய அந்த பக்கம் திருப்புனான். சித்தப்பா இந்த வருஷமும் வயலுக்கு போறாரு.

கஜா புயல மறக்கவே முடியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரைய கடந்துச்சு, தென்னமரமெல்லாம் ரோட்டுக்கு குறுக்க, டவர் போயி எந்த நம்பருக்கும் லைன் கெடைக்கல. பசங்க அருவாளும் மரம் அறுக்குற மிஷினும் வண்டில போட்டுகிட்டு, முன்னாடி பைக்ல ரெண்டு பேர அனுப்பி, அறுத்து அறுத்து வழி பண்ணிகிட்டே நெறமாச பொண்ணு ஒருத்திய ஆஸ்பத்திரில சேத்தாங்க.

குறைன்னா, ராத்திரில கூட வர்றவங்க யாரும் முறையா டிரெய்னிங் எடுத்தவங்க இல்ல, மானிட்டர் வென்டிலேட்டர் எதுவும் கெடையாது. அதனால ஆக்சிடென்ட், நெஞ்சுவலி, மூச்சுத்திணறலுக்கு மொதல்ல 108க்குதான் அடிக்கணும், இவங்களே அதத்தான் சொல்லுவாங்க, 108 வர லேட்டாகும்னா மட்டும் உடனே கெளம்புவாங்க. அப்புறம் ஒரே வண்டி, திருவாரூர் போயிருந்தா திரும்பி வர்ற வரைக்கும் காத்துகிட்டுதான் இருக்கணும்.

டிஸ்சார்ஜ், டயாலிசிஸுக்கெல்லாம் மொத நாளே சொல்லிருங்க. வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர் ஆளுங்க இத படிச்சீங்கன்னா, ரெண்டாவது வண்டிக்கு இப்ப வசூல் நடக்குது, அதோட ரெண்டு பசங்கள முதலுதவி டிரெய்னிங்குக்கு அனுப்புற செலவையும் ஏத்துகிட்டா ரொம்ப நல்லாருக்கும்.