இடப்பக்கம் பேய் வராத தியேட்டர்

மலேசியாவில் எங்கள் பட்டணத்துத் தியேட்டருக்குப் பேய்ப் படம் பார்க்கப் போகிறவர்கள் வலப்பக்கமாக உட்காருங்கள். இடப்பக்கச் சுவரில் நான்கு ஒலிபெருக்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நான்கும் ஊமை. இன்று நேற்றல்ல, ஆறு வருடமாக. காதல் படத்துக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. வசனமும் பாட்டும் திரைப் பக்கமிருந்து வந்துவிடும். பேய்க்குத்தான் சிரமம். இந்தக் காலத்துப் பேய் நேராக முன்னால் வந்து நிற்பதில்லை. சுவரோரமாக மூச்சு விட்டு, பின்னால் எங்கேயோ கதவைக் கிறீச்சிட வைத்து, அப்புறம்தான் முகம் காட்டுகிறது. எங்கள் ஊரில் அது வலப்பக்கமாக மட்டும் வரும். "பாதிப் பேய்தானே வந்தது, பாதிக் காசைத் திருப்பிக் கேளுங்கள்" என்று என் மனைவி ஒரு முறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வேலை பார்க்கிறவன். ஓர் ஒலிபெருக்கி செத்தால் ஒலிபெருக்கியைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே சமயத்தில் சாகாது; அவற்றுக்கு ஒலி அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்தான் போயிருக்கும். "ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்து பார்க்கிறேன் தம்பி. கூலி வேண்டாம், ஒரு தே தாரிக் டீ போதும்" என்று மேலாளரிடம் சொன்னேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் அண்ணே" என்றார். அந்த மேலிடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று இதுவரை தெரியவில்லை.

மற்றவை பரவாயில்லை. டிக்கெட் 14 வெள்ளி (ரிங்கிட்). குளிர்சாதனம் நன்றாக வேலை செய்கிறது, தேவைக்கு மேலேயே. உள்ளே விற்கும் சோளப்பொரியை வாங்காதீர்கள்; எதிர்வரிசையில் ஓர் அம்மா ஈப்போ புந்தோங்கிலிருந்து கொண்டுவந்து விற்கும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) ஒரு பொட்டலம் போதும். கைக்குழந்தையோடு பேய்ப் படத்துக்கு வருகிறவர்களை வாசலில் யாரும் தடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த சில படங்களில் திரையை விட அந்தக் குழந்தை அலறியதுதான் சரியான இடத்தில் விழுந்தது.

முக்கால் மணி நேரம் ஓட்டினால் ஈப்போவில் எல்லாச் சுவரும் பேசும் அரங்குகள் இருக்கின்றன. ஆனாலும் நான் இங்கேதான் போகிறேன். சிறுவயதில் ரப்பர்த் தோட்டத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். திடலில் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, மரத்தில் ஒரே ஒரு புனல் ஒலிபெருக்கியைத் தொங்கவிடுவார்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யை அங்கேதான் பார்த்தேன். 1963இல் வந்த படம், எங்கள் திடலுக்கு வந்து சேரப் பதினைந்து வருடம் பிடித்தது. அந்தப் பாழடைந்த மாளிகையை வின்சென்ட்டின் கேமரா காட்டக் காட்ட, சுசீலாவின் குரல் மரத்திலிருந்து வருகிறது. திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் உண்மையான ரப்பர்க் காடு. படம் முடிந்து லயத்து வீட்டுக்குப் போகும்போது அப்பாவின் கைலியை விடவே இல்லை. அவரோ விடிந்தும் விடியாததுமாகப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதே காட்டுக்குள் பால்வெட்டப் போனார்.

ஒற்றைப் புனலில் பயமுறுத்த முடிந்தவனே பேய்ப் படம் எடுக்கத் தெரிந்தவன் என்பது என் கட்சி. எங்கள் தியேட்டர் அதற்கு நல்ல உரைகல். 'அரண்மனை 4' 2024இல் வந்தபோது இங்கே பார்த்தேன். சத்தத்தில் கால்வாசி குறைந்ததும் மிஞ்சியது அலங்காரமும் சிரிப்பும்தான். சிரிப்பைக் குறை சொல்லவில்லை. 'முனி' 2007இல் வந்ததிலிருந்தே தமிழ்ப் பேய்க்குப் பக்கவாத்தியமாக நகைச்சுவை சேர்ந்துகொண்டது. குடும்பத்தோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்து ஓடுகிற நடிகரைப் பார்த்துச் சிரித்த வாய் அடுத்த நிமிடமே உலர்ந்துபோகாது. 2009இல் வந்த 'ஈரம்', 'யாவரும் நலம்' இரண்டையும் வீட்டில் பழைய தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் தினமும் ஒரே நேரத்தில் ஓடும் தொடர் நாடகம். நம் வீட்டிலேயே இருக்கிற பொருளைக் கொண்டு மிரட்டுகிறவனுக்கு எத்தனை ஒலிபெருக்கி இருந்தால் என்ன?

பாட்டி சொன்ன 'பொந்தியானாக்' என்னும் பெண்பேய்க் கதையும் அந்த வகைதான். 1957இல் பி.என். ராவ் இயக்கிய மலாய்ப் படம், மரியா மெனாடோ நடித்தது. பிடரியில் ஆணி அடித்தால் பேய் அழகியாகிவிடும் என்று சொல்லும்போது பாட்டி என் கழுத்தில் விரலை வைத்து அழுத்துவாள். அந்தப் படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை என்கிறார்கள். எனக்குக் கிடைத்த பிரதி அந்த விரல்தான்.

உரைகல்லில் தேறியது 'ரோ' என்ற மலாய்ப் படம். 2020 ஆகஸ்டில், தொற்றுக் காலத்தில் தியேட்டர்களை மறுபடி திறந்த புதிதில் வந்தது. ஒன்று விட்டு ஒரு நாற்காலியில் நாடா ஒட்டியிருந்தார்கள். அரங்கில் 12 பேர் இருந்தோம். காட்டுக்குள் ஒரு குடிசை, ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் பின்னாலேயே வந்த ஒரு சிறுமி, அடுத்த பௌர்ணமிக்குள் எல்லாரும் செத்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். இயக்குநர் எமிர் எஸ்வான் அதற்குப் பிறகு அவசரப்படவே இல்லை. பூச்சிச் சத்தம், மரம் அசைகிற சத்தம், பேசாமல் நிற்கிற மனிதர்கள். மலேசியா இந்தப் படத்தைத்தான் ஆஸ்கருக்கு அனுப்பியது. இடப்பக்கச் சுவர் ஊமை என்பது இடைவழியில் இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

மோட்டார் சைக்கிள்களை நிறுத்தும் இடம் தியேட்டருக்குப் பின்புறம். ஒரு விளக்குத்தான், அதற்கு அப்பால் செம்பனை. இரண்டு மலாய்ப் பையன்கள் தலைக்கவசத்தை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றிருந்தார்கள். "பாக்சிக் (மாமா) எந்தப் பக்கம்?" என்று ஒருவன் கேட்டான். தோட்டத்துப் பக்கம் என்றேன். "நாங்களும்தான்" என்று சட்டென்று வண்டியை உதைத்தான். முச்சந்தி வரை ஒன்றாகவே போனோம்.