புகைத்தல் தடைப் பலகை: எதைத் தெரிவு செய்வது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் அலுவலகத்துக்குப் புகைத்தல் தடைப் பலகை தேவை என்றால், யாராவது கணினியில் இரண்டு வரி தட்டி, ஏ4 தாளில் எடுத்து, லமினேட் செய்து கதவில் ஒட்டிவிடுவார்கள். செலவு குறைவு, வேலையும் உடனே முடிந்துவிடும். கட்டடத்துக்கு உள்ளே அது போதும். விறாந்தையில் ஒட்டினால் மாரியில் ஓரத்தால் தண்ணீர் இறங்கி எழுத்து ஊறிவிடும்.

அடுத்தது பிளெக்ஸும் ஸ்டிக்கரும். புதிதில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வன்னி வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்பு நிறம். தடை என்று சொல்வதே அந்தச் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும்தான். அவை மங்கிப்போனால் மிஞ்சுவது கறுப்பு சிகரெட் மட்டும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது புகைக்கும் இடம் போலத் தெரியும். அதனால் மேற்கு வெயில் படுகிற சுவருக்கு இந்த இரண்டையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கண்ணாடிக் கதவின் உட்புறத்துக்கு ஸ்டிக்கர் நல்லது.

வெளிச்சுவருக்கு என் தெரிவு தகரத்திலோ அலுமினியத் தகட்டிலோ எனாமல் பெயின்றால் எழுதிய பலகை. செலவு கொஞ்சம் கூடும். ஆனால் நிறம் மங்கினால் அதே பலகையிலேயே திரும்பப் பூசலாம், புதிதாக அச்சிடத் தேவையில்லை. எழுதுபவரிடம் படத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்லி விளங்கப்படுத்த வேண்டாம். பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010 இல் இந்தப் படத்தின் எண் பி002 (P002). வெள்ளைப் பின்னணி, கறுப்பு சிகரெட், சிவப்பு வட்டம், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் கோடு. சிவப்பு, குறியின் பரப்பில் 35 சதவீதமாவது இருக்கவேண்டும். மெல்லிய வட்டம் வரைந்தால் தூரத்துக்குத் தெரியாது.

நெல் ஆலை, வைக்கோல் போர், டீசல் பரல் வைக்கும் கொட்டில், உரக் களஞ்சியம் போன்ற இடங்களுக்கு சிகரெட் படம் போதாது. அங்கே தீக்குச்சி படம் போட்ட பி003 குறியே சரியானது. சிகரெட்டோடு திறந்த சுவாலை, தீ மூட்டுதல் எல்லாவற்றையும் அது சேர்த்துத் தடுக்கிறது. பீடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வருகிறவர் சட்டைப் பையில் லைட்டர் இருக்கும். உமி குவிந்த இடத்தில் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். நான் இங்கே சிக்கனம் பார்க்கமாட்டேன். தொழிலாளியின் உயிர் சம்பந்தப்பட்ட பலகை இது.

வாசகத்துக்கு வருவோம். ‘தயவுசெய்து புகைக்க வேண்டாம், நன்றி’ என்பது வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி. பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் அந்தத் தொனி சிற்றூழியரைத் தனியாக விட்டுவிடுகிறது. வயதில் மூத்த ஐயா ஒருவர் பற்றவைத்தால் அந்தச் சிற்றூழியரால் எதைச் சொல்லித் தடுக்க முடியும்? ‘புகைத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று எழுதி, அதன் கீழே 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் என்று சேர்த்தால், அவர் பலகையைக் காட்டிப் பேசலாம். மூடிய பொது இடத்தில் புகைப்பவரை மட்டுமல்ல, புகைக்க விடுபவரையும் இலங்கையின் அந்தப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஆகவே பொறுப்பதிகாரிக்கும் இது பாதுகாப்பு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும். ஏ9 வீதியோரக் கட்டடங்களுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கலாம், படத்தைச் சிறிதாக்கக்கூடாது.

‘புகைக்கும் இடம்’ என்று தனியாக ஒரு மூலை ஒதுக்கிப் பலகை போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கட்டடத்துக்குள் என்றால் அலுவலகத்துக்கும் பொதுநோக்கு மண்டபத்துக்கும் அது பொருந்தாது. விறாந்தை மூலையில் ஒதுக்கினாலும் புகை யன்னலால் உள்ளேதான் வரும், அங்கே வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகளுக்கும் அதே காற்றுத்தான்.

எங்கே மாட்டுவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். அதிகாரியின் மேசைக்குப் பின்னால் மாட்டிப் பயனில்லை, அங்கே யாரும் பற்றவைப்பதில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்திலிருந்து விறாந்தைக்கு ஏறும் படியருகில், கண் மட்டத்தில் ஒன்று. மலசலகூட வாசலில் இன்னொன்று. ஒரு பலகைக்குத்தான் காசு இருக்கிறது என்றால், படியருகில் மாட்டுங்கள். சாம்பல் தட்டுகளையும் அன்றே அப்புறப்படுத்திவிடுங்கள்.