ஸ்ப்ரே டப்பாவா, ரோல்-ஆனா? பலகாரப் பெட்டியோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு

ஒரு பாடி ஸ்ப்ரேதானே, எங்கே போட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து திருச்சிக்குப் போய்ச் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானம் ஏறுகிறவர்களின் பெட்டியில் அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் இருக்கும். இருக்கிற வழிகள் மூன்று: டப்பாவைச் செக்-இன் பெட்டியில் போடலாம், சின்ன டப்பாவாகக் கைப்பையில் வைக்கலாம், டப்பாவே வேண்டாம் என்று, உருளையால் அக்குளில் தடவும் ரோல்-ஆன் எடுத்துக்கொள்ளலாம். என் ஓட்டு ரோல்-ஆனுக்கு. வலி ஸ்ப்ரேக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன்.

கைப்பைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வெளிநாட்டு விமானத்தில் ஸ்ப்ரேயும் திரவத்தோடு சேர்த்தி. ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் ஜிப் பைக்குள் அடங்க வேண்டும். டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மேலே அச்சிட்ட அளவுதான் பேசும். கடையில் அதிகம் கிடைப்பது 150 மி.லி. டப்பா. அது முக்கால்வாசி காலியாக இருந்தாலும் ஸ்கேனருக்குப் பக்கத்துத் தொட்டிக்குத்தான் போகும். கொழும்பு வழியாகப் போகிறவர்கள் மாறும் இடத்திலும் ஒரு சோதனையைத் தாண்ட வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும்.

செக்-இன் பெட்டிக்கு விதி தாராளமானது. உடம்புக்குப் போடுகிற ஸ்ப்ரே, மருந்து ஸ்ப்ரே ஒவ்வொன்றும் அரை லிட்டர் அல்லது அரைக் கிலோ வரை. ஒருவருக்கு மொத்தம் 2 லிட்டர் அல்லது 2 கிலோ. சென்ட் பாட்டிலும் இந்த மொத்தத்தில்தான் சேரும். அளவில் யாரும் இடறுவதில்லை. அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது: தானாக அழுந்தி வெளியேறாதபடி வால்வுக்கு மூடி இருக்க வேண்டும். பிரச்சினை முழுக்க இந்த மூடியில்தான்.

உயரே போனால் டப்பா வெடித்துவிடும் என்ற பயம் தேவையற்றது. சாமான் அறையிலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. தரையில் இருப்பதைவிடச் சுமார் கால் பங்கு குறையும், அவ்வளவுதான். டப்பாவுக்குள் ஏற்கெனவே அதைப்போல் பல மடங்கு அழுத்தம் இருப்பதால் இந்தக் கால் பங்கு அதற்கு ஒரு பொருட்டில்லை. கெடுப்பவை வெயிலும் நசுங்கலும்தான். உள்ளே தள்ளுவாயுவாக இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன், அதாவது நம் அடுப்பு கேஸின் உறவு. 20 டிகிரியில் இருக்கும் அழுத்தம் 50 டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 50 டிகிரிக்கு மேல் சூடாக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். மே மாதத்தில் வாசலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஆகவே முதல் நாளே பெட்டியை டிக்கியில் ஏற்றி வைக்க வேண்டாம். புறப்படும்போது ஏற்றினால் போதும். காரைக்குடியிலிருந்து திருச்சியானாலும் மதுரையானாலும் சுமார் 90 கிலோமீட்டர்தான்.

நசுங்கல் இன்னும் மோசம். பெட்டி பிதுங்கி, ஜிப் மூடாமல், மேலே ஒருவர் உட்கார்ந்து இழுத்து மூடுகிறோம். அப்போது மூடி கழன்று, அமுக்கும் பொத்தான்மேல் ஒரு செருப்பின் குதிகால் அழுந்தி நின்றால் டப்பா கடைசிச் சொட்டு வரை காலியாகும். வாங்கியவுடன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூடியைப் போட்டு, உச்சியில் உள்ளங்கையால் அழுத்தி, பக்கவாட்டிலும் பிடித்து நசுக்குங்கள். ‘உஸ்’ சத்தம் வந்தால் மூடி உள்ளே பொத்தானைத் தொடுகிறது; அந்த டப்பா பயணத்துக்கு ஆகாது. தனி மூடி இல்லாமல் தலையைத் திருகிப் பூட்டும் வகை என்றால், பூட்டிய பின் திருகு தானாகத் திரும்பாதபடி சுற்றி டேப் ஒட்ட வேண்டும். பூட்டும் இல்லை, மூடியும் இல்லை என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். சிலர் புத்திசாலித்தனமாகப் பொத்தானைப் பிடுங்கிவிட்டு டப்பாவை மட்டும் வைப்பார்கள். பல டப்பாக்களில் பொத்தானுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதை எது அழுத்தினாலும் வாயு வரும். முன்பைவிட ஆபத்து.

கசிந்தால் ஜிப்-லாக் கவர் ஈரத்தைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்காது. பாலித்தீன் வழியே சென்ட் மணம் மெல்ல வெளியேறும். எண்ணெயில் பொரித்த பலகாரம் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு விடாது. துணியில் பட்டால் துவைத்துவிடலாம். லாவண்டர் மணக்கும் அதிரசத்தை என்ன செய்வது? டப்பா எடுத்தே தீருவேன் என்றால் பலகாரம் இல்லாத பெட்டியில் வையுங்கள். இருப்பது ஒரே பெட்டி என்றால் பலகாரத்தை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் சம்படத்தில் போடுங்கள், எடை கூடினாலும் பரவாயில்லை. டப்பாவை மூடியோடு டேப் ஒட்டி, கவரில் போட்டு, கைலியிலோ துண்டிலோ சுருட்டி, பெட்டியின் நடுவில், சுற்றிலும் துணி இருக்கும்படி வைக்கவும்.

ரோல்-ஆனுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. 50 மி.லி. பாட்டில் கைப்பையிலேயே போய்விடும்; பலகாரத்துக்குப் பக்கத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. குறை இல்லாமல் இல்லை: காய நேரம் எடுக்கும், காய்வதற்குள் சட்டை போட்டால் கறை படும். பாதி தீர்ந்த பாட்டிலில் மாட்டியிருக்கும் காற்று மேலே போனதும் விரிந்து, உருளையைச் சுற்றித் திரவத்தைத் தள்ளும். உருளைமேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியைத் திருகினால் அடங்கும். கெட்டியான டியோடரன்ட் ஸ்டிக்கைப் பொதுவாகத் திரவமாகக் கணக்கிடுவதில்லை என்றாலும் ஸ்கேனர் அருகே நிற்பவர் சொல்வதே முடிவு. இடம் இருந்தால் அதையும் அதே ஜிப் பையில் போட்டுவிடலாம். ‘கேஸ் இல்லாதது’ என்று விற்கும் பம்ப் ஸ்ப்ரே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அழுத்தம் இல்லை, ஆனால் 120 மி.லி. வாங்கினால் கைப்பைக்கு ஆகாது.

வலி ஸ்ப்ரேக்கு ஏன் விதிவிலக்கு? மகள் வீட்டுக்குப் போகிற ஆச்சி தன் முதுகில் தானே ஜெல் தேய்த்துக்கொள்ள முடியாது; ஸ்ப்ரே எட்டும், தேய்க்கவும் வேண்டாம். இங்கே விற்கும் வலி ஸ்ப்ரேக்களில் அளவு கிராமில் இருக்கும். 100 கிராம் டப்பாவைக் காட்டி வாதாடுவதைவிட 60 கிராம் அல்லது அதற்கும் சிறியதை வாங்கிக் கைப்பையில் வைப்பது நிம்மதி. முழங்காலுக்கு மட்டும் என்றால் ஸ்ப்ரேயே வேண்டாம், கோடாலித் தைலம் போதும். அது அங்கேயே கிடைக்கும்.

உடம்புக்கோ மருந்துக்கோ அல்லாத, தீப்பற்றும் ஸ்ப்ரே எதற்கும் எந்தப் பெட்டியிலும் இடமில்லை: கொசு, கரப்பான் ஸ்ப்ரே, பெயின்ட் ஸ்ப்ரே, துரு நீக்கும் ஸ்ப்ரே, தேக்குக் கதவுக்குப் போடும் பாலிஷ் ஸ்ப்ரே. உள்ளே இருக்கும் வாயு பாடி ஸ்ப்ரேயில் உள்ளதாகவே இருக்கலாம். சலுகை உடம்புக்கும் மருந்துக்கும் மட்டும்தான். கொசுவுக்குத் தோலில் தடவும் கிரீம் வாங்கிக்கொள்ளலாம். விமான நிறுவனம் இதைவிடக் கடுமையாக விதி வைத்திருக்கலாம் என்பதால் டிக்கெட்டோடு வரும் தடைப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். திரும்பி வரும்போதும் இதே கணக்குதான், அங்கே தள்ளுபடியில் கிடைக்கும் ஹேர் ஸ்ப்ரே உட்பட.