குதிக்க எந்தப் பாலம்: நியூ ரிவரா, பெரினா, ப்ளூக்ரான்ஸா, மோஸ்தாரா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அப்படி நாலு விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இருக்கும் நியூ ரிவர் கார்ஜ் பாலத்தை எட்ட இன்னும் 12 அடி வேண்டும். ஆற்றிலிருந்து 876 அடி, அதாவது 267 மீட்டர். வருடத்தில் ஒரே ஒரு நாள், அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, அந்தப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு முதுகில் பாராசூட் கட்டிய நூற்றுக்கணக்கான பேரைக் கீழே குதிக்க விடுகிறார்கள். 'பிரிட்ஜ் டே' என்று பெயர்.

உலகத்தில் குதிக்கத் தோதான பாலங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் எல்லோரும் உயரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. பாலத்துக்குப் பாலம் நான் கேட்கும் கேள்விகள் மூன்று. காற்றில் எத்தனை நொடி கிடைக்கும்? கீழே என்ன இருக்கிறது? யாரை விடுவார்கள்? இந்த மூன்றையும் கேட்டால் வரிசை தலைகீழாகிவிடும்.

முதலில் நியூ ரிவர். பேரில் 'புதிய' ஆறு. ஆனால் கண்டத்திலேயே மிகப் பழைய ஆறுகளில் ஒன்று என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். 1977 அக்டோபரில் பாலம் திறக்கும்வரை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக வேண்டுமென்றால் வளைந்து வளைந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். 40 நிமிடம் ஆகும். பாலம் அதை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடத்தான் 1980-ல் பிரிட்ஜ் டே தொடங்கியது. ஆக, அடிப்படையில் இது ஊர்த் திருவிழா. குதிப்பவர்கள் அதில் சாமி தூக்குகிறவர்கள் மாதிரி. அவர்களைப் பார்க்கத்தான் கூட்டம், ஆனால் திருவிழா அவர்களுடையது மட்டும் இல்லை. எண்பதாயிரம் பேர், ஒரு லட்சம் பேர் என்று கூட்டத்துக்குக் கணக்கு சொல்வார்கள். அன்றைக்கு மட்டும்தான் பாலத்தின் மேல் சாலையில் கால்நடையாக நடக்கலாம் என்பதால், குதிப்பைப் பற்றிக் கவலையே இல்லாமல் சும்மா நடந்து பார்க்க வருகிறவர்களும் நிறைய.

பாலத்துக்குப் பெயின்ட் கிடையாது. மேற்பரப்பில் படியும் துருவே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும் கோர்-டென் எஃகில் கட்டியிருக்கிறார்கள். அக்டோபரில் மலை முழுக்க இலை சிவக்கும்போது பாலமும் அதே செம்பழுப்பில் நிற்கும். 518 மீட்டர் நீள ஒற்றை வளைவு. 2003-ல் ஷாங்காயின் லூப்பு பாலம் வரும்வரை உலகத்திலேயே நீளமான வளைவு இதுதான். 2005-ல் வந்த கால் டாலர் நாணயத்தின் பின்பக்கத்தில்கூட இந்தப் பாலத்தைப் போட்டார்கள்.

இப்போது நொடிக் கணக்கு. இங்கிருந்து எதுவுமே இல்லாமல் விழுந்தால் ஆற்றைத் தொட ஏறக்குறைய எட்டு நொடி. குதிப்பவர்கள் மூன்று, நாலு நொடி விழுந்துவிட்டுக் கையில் பிடித்திருக்கும் சின்ன பாராசூட்டை வீசுவார்கள். அது காற்றைப் பிடித்துப் பெரியதை இழுத்து விரிக்கும். விமானத்திலிருந்து குதிப்பவரிடம் மாற்றுப் பாராசூட் ஒன்று எப்போதும் இருக்கும். பாலத்தில் குதிப்பவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. முதலாவது விரியாவிட்டால் இரண்டாவதை விரிக்க நேரம் ஏது? உயரம் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைக்கிறோம் பாருங்கள், பாராசூட்டைப் பொறுத்தவரை அது தப்பு. 267 மீட்டர் என்றால் கயிறு முறுக்கிக்கொண்டாலும் உதறிச் சரி செய்ய ஒன்றிரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கிறது. பயம் பெரிது, இடம் தாராளம்.

அந்தத் தாராளத்தைக் கீழே இருக்கும் தரை பறித்துக்கொள்ளும். ஆற்றோரத்தில் கல்லும் பாறையுமாக ஒரு சின்ன இடம்தான் இறங்க வசதி. காற்று கொஞ்சம் மாறினால் ஆற்றில்தான் விழ வேண்டும். அதற்காகவே படகுகள் காத்திருக்கும். 1983-ல் இப்படி ஆற்றில் இறங்கிய ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். 2006-ல் இறந்தவரின் கதை இன்னும் கனமானது. பிரையன் ஷூபர்ட், 1966-ல் கலிஃபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறையிலிருந்து பாராசூட்டோடு முதன்முதலில் குதித்த இருவரில் ஒருவர். நாற்பது வருடம் கழித்து இந்தப் பாலத்துக்கு வந்தார். பாராசூட் தாமதமாக விரிந்தது.

யாரை விடுவார்கள்? வான்குதிப்பு அனுபவம் உள்ளவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 'வந்தேன், குதித்தேன்' என்பதெல்லாம் நடக்காது. பாலத்தின் அடியிலிருந்து நீளக் கயிற்றில் சறுக்கி இறங்கும் குழுக்களுக்கும் பதிவு உண்டு. காலில் ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி ஜம்ப் மட்டும் இங்கே கிடையாது. அந்த ஆசையோடு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: ஒரே நாள் என்பதால் அந்த நாள் போனால் போனதுதான். 2001-ல் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ரத்து செய்தார்கள். 2020-லும் 2021-லும் கொரோனா.

இதற்கு நேர் எதிர், இதே நாட்டின் மேற்கே ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ் ஊரில் இருக்கும் பெரின் பாலம். உயரம் 486 அடி, 148 மீட்டர். நியூ ரிவர் பாலத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் வருடத்தில் எந்த நாளும் குதிக்கலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். நடைபாதையில் நடந்து போய், கைப்பிடிக் கம்பியைத் தாண்டி, குதிக்க வேண்டியதுதான். பக்கத்துப் புல்வெளியில் ஆளாளுக்குப் பாராசூட்டை விரித்து மடித்துக்கொண்டிருப்பார்கள். போகிற வருகிற குடும்பங்கள் நின்று வேடிக்கை பார்க்கும். கொடி, தோரணம், கடைத்தெரு எதுவும் இல்லை.

நொடியில் இது கஞ்சப் பாலம். விழுந்தால் ஆறு நொடிக்குள் ஸ்நேக் ஆறு வந்துவிடும். இரண்டு, மூன்று நொடிக்குமேல் பாராசூட்டை வீசாமல் இருக்க முடியாது. ஆனாலும் பேஸ் ஜம்ப்பை, அதாவது பாலம், பாறை மாதிரி நிலையான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதை, முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவர்களை இங்கேதான் கூட்டி வருகிறார்கள். காரணம் சுலபம்: காற்று சரியில்லை என்றால் நாளைக்கு வரலாம். பிரிட்ஜ் டேயில் குதிப்பவருக்கு அந்த 'நாளைக்கு' இல்லை. பதிவு செய்து, விடுப்பு எடுத்து, ஆயிரம் மைல் வந்து, வரிசையில் நின்று, பின்னால் நூறு பேர் காத்திருக்க, லட்சம் கண்கள் பார்க்க, 'எனக்கு இன்று மனசு ஒப்பவில்லை' என்று திரும்பி நடப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். என் கணக்கில் பிரிட்ஜ் டேயின் பெரிய ஆபத்து 876 அடி அல்ல, இந்தக் கூச்சம்தான்.

பெரினில் குதித்தால் ஏறி வருவது உங்கள் பாடு. பள்ளத்தாக்கின் சுவரைப் பிடித்து ஏற வேண்டும். 2005-ல் மைல்ஸ் டெய்ஷர் 24 மணி நேரத்தில் 57 முறை குதித்தார், ஒவ்வொரு முறையும் தானே ஏறி வந்து. அடுத்த வருடம் டான் ஷில்லிங் ஒரு நாளுக்குள் 201 முறை குதித்தார். அவரை மேலே தூக்கிவிட கிரேன் இருந்தது. எண்ணிக்கையில் பெரியது 201. எனக்கென்னவோ 57-தான் பெரிதாகத் தெரிகிறது. 1974-ல் மோட்டார் சைக்கிள் சாகசக்காரர் ஈவெல் நீவெல் ராக்கெட் வண்டியில் தாண்டப் பார்த்து முடியாமல் போனதும் இந்த ஊர்ப் பள்ளத்தாக்கைத்தான்.

பாராசூட்டெல்லாம் நமக்குச் சரிப்படாது, ஆனால் ஒரு தடவை குதித்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் ப்ளூக்ரான்ஸ் பாலம். ட்சிட்சிகாமா காட்டுப் பக்கம், என்2 நெடுஞ்சாலையில், 216 மீட்டர் உயரத்தில் காங்கிரீட் வளைவு. (தஞ்சை விமானத்துக்கு அடிக் கணக்கில் எந்த எண்ணோ அதே எண் இங்கே மீட்டரில்.) 1997-லிருந்து பஞ்சி ஜம்ப் நடக்கிறது. அனுபவம் தேவையில்லை. காசும், தகுந்த எடையும், மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமலும் இருந்தால் போதும். 2010-ல் மோர் கீட் என்பவர் இங்கே குதித்தபோது அவருக்கு வயது 96.

சாலைக்கு அடியில் கம்பி வலைபோட்ட நடைபாதை வழியாக வளைவின் உச்சிக்குக் கூட்டிப் போவார்கள். தரை கண்ணுக்குத் தெரிய நடக்கும் அந்த நடையில்தான் பாதிப் பேருக்குக் கால் நடுங்குமாம். குதித்த பிறகு பயம் முடிந்தது என்று நினைத்தால், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காத்திருப்பது பாக்கி இருக்கிறது. ஒரு பணியாளர் கயிற்றில் இறங்கி வந்து உங்களை நிமிர்த்தி மேலே கொண்டுபோவார். பாராசூட்டில் கடைசி நொடிவரை முடிவு உங்கள் கையில். பஞ்சியில் விளிம்பில் கால் பிரிந்ததோடு உங்கள் வேலை முடிந்தது, மீதியெல்லாம் கயிற்றைக் கட்டியவரின் பொறுப்பு. அதனால் பஞ்சிக்குப் போகிறவர்கள் உயரத்தை விசாரிப்பதைவிடக் கயிறு எத்தனை குதிப்புக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்று விசாரிக்கலாம். 2011-ன் கடைசி நாளில் விக்டோரியா அருவிப் பாலத்தில் ஒரு ஆஸ்திரேலியப் பெண்ணின் கயிறு அறுந்தது. கால் கட்டோடு ஸாம்பெஸி ஆற்றில் விழுந்து, நீந்திப் பிழைத்தார்.

கோலாலம்பூர் கோபுரத்தில் வருடாவருடம் நடக்கும் குதிப்பு விழாவை இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். நம் ஆட்களுக்குப் பக்கம், மலேசியாவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களும் அதிகம். ஆனால் அது பாலம் இல்லை. ஆற்றுக்குப் பதில் ஊருக்குள் இறங்குவதால் விளையாட்டே வேறு. விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, உயரத்தில் கடைசி: போஸ்னியாவின் மோஸ்தார். நெரெத்வா ஆற்றின் மேல் 1566-ல் கட்டிய கல் பாலம். நீர்மட்டத்தைப் பொறுத்து மாறினாலும் 24 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நியூ ரிவர் பாலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இங்கே பாராசூட் இல்லை, கயிறு இல்லை, நீச்சல் உடையோடு மனிதன் குதிக்கிறான். தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 75 கிலோமீட்டருக்கும் மேல். பம்புசெட் கிணற்றில் மேல்விளிம்பிலிருந்து குதித்து ஒருமுறையாவது வயிற்றடி வாங்கியவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் கொளுத்தும் ஜூலையிலும் அந்த ஆறு ஐஸ் மாதிரி இருக்கும். அதுவே உடம்புக்குத் தனி அடி.

முறையான போட்டி 1968-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. பாலத்தில் குதிக்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. கால் முதலில் ஒரு பிரிவு, தலை முதலில் ஒரு பிரிவு. தலை முதலில் பாய்கிறவர்கள் இரண்டு கைகளையும் சிறகாக விரிப்பார்கள், அந்தப் பாய்ச்சலுக்கு அவர்கள் மொழியில் தகைவிலான் குருவியின் பெயர். 1993 நவம்பரில் போரில் குண்டடித்துப் பாலத்தையே வீழ்த்தினார்கள். 2004 ஜூலையில் மறுபடி கட்டித் திறந்தார்கள். 2015-லிருந்து ரெட் புல்லின் பாறைப் பாய்ச்சல் தொடரும் இங்கே வருகிறது. அதில் ஆண்களுக்கு மேடை வைத்து 27 மீட்டராக்கிவிடுகிறார்கள். எனக்கு அதைவிட, சாதாரண நாளில் விளிம்பில் நின்று சுற்றுலாப் பயணிகளிடம் காசு சேர்த்து, போதுமான அளவு சேர்ந்ததும் குதிக்கும் உள்ளூர்ப் பையன்கள்தான் பிடிக்கும். வெளியூர்க்காரரும் குதிக்கலாம், ஆனால் பக்கத்தில் இருக்கும் தாழ்ந்த மேடையில் பயிற்சி எடுத்து, அங்கிருக்கும் குதிப்புச் சங்கத்தாரைத் திருப்திப்படுத்திய பிறகே.

இனி என் வரிசை. குதிக்க மோகம் இருந்து, அனுபவம் இல்லாவிட்டால், ப்ளூக்ரான்ஸ். அனுபவம் இருந்து, குதிப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள நினைப்பவருக்கு, சந்தேகமே இல்லாமல் பெரின். பிரிட்ஜ் டேக்குப் போவதென்றால் அதற்கு அப்புறம். மோஸ்தாரை இருபது வயதிலிருப்பவர்களுக்கும், சின்ன வயதில் கிணற்றில் நீந்தியவர்களுக்கும் மட்டும் சிபாரிசு செய்வேன். பார்க்க மட்டும் போகிறவருக்கு பிரிட்ஜ் டேக்கு இணையாக வேறொன்று இல்லை. இங்கே நீங்களும் அதே பாலத்தில், அதே காற்றில், குதிப்பவருக்குச் சில அடி தள்ளி நிற்பீர்கள்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வழிச் செய்தி. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிற பழக்கம் இருந்தால், அங்கிருந்து ஐ-79-ல் தெற்கே வந்து சட்டன் பக்கம் யூஎஸ்-19 பிடித்தால் நேராக இந்தப் பாலம்தான். நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலையிலேயே போய்விடுங்கள், பைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டும். மூன்றாவது சனிக்கிழமை அமையவில்லையா? சாலைக்கு அடியில் இரண்டடி அகலத்தில் ஓடும் இரும்பு நடைபாதையில் இடுப்புப் பட்டை மாட்டி வேறு நாட்களில் கூட்டிப் போகிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் ஃபேயட் ஸ்டேஷன் சாலை இருக்கிறது: பாலம் வருவதற்கு முந்தைய அந்த 40 நிமிட வழி. கீழே ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தால், மேலே போகும் லாரிகள் தீப்பெட்டியாக ஊரும்.